கிழித்த மனு

1942 அக்டோபர் 18
அவரை வேலூர் சிறைக்குக் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகிறது. சேலத்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். டில்லி வரை பெயர் தெரிந்த தலைவரின் மனைவியைப் படம் பிடிக்க வேண்டுமாம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள், "அவங்க வூட்ல இல்லீங்க" என்று அனுப்பிவிட்டாள். "நீ இங்கதான இருக்கற?" என்றாள் என் மகள் சென்னம்மாள். ஆறு வயது. பொய் புரிவதில்லை.

நவம்பர் 9
சென்னம்மாளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். கஞ்சி இறங்கவில்லை.

நவம்பர் 12
விஷஜுரம் என்கிறார் தருமபுரி டாக்டர். "அப்பாவுக்குத் தகவல் சொல்லிடுங்க" என்றார். அவரைப் பரோலில் விடச் சொல்லி சர்க்காருக்கு மனு எழுதினேன். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நாலு வரிக்கு மேல் வரவில்லை.

நவம்பர் 13
கட்சிக்காரர் குப்புராஜ் வந்து மனுவைப் படித்துப் பார்த்தார்.
"அனுப்பாதீங்கம்மா. இனிமே இயக்கத்துக்கே வரமாட்டேன்னு கையெழுத்துக் கேப்பாங்க. கொழந்தைய நெனச்சுத் தலைவரு போட்டுட்டாருன்னா, ஊரே காறித் துப்புமுங்க."
"கொழந்த அப்பா அப்பாங்குதுங்க."
மனுவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.
நானேதான் கிழித்தேன். அடுப்பில் போட்டேன். செய்தது சரிதானா? யாரைக் கேட்பது?

நவம்பர் 17
போய்விட்டாள்.

நவம்பர் 20
போலீஸுக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நஞ்சம்மாளும் அவள் புருஷன் பெரியண்ணனும்தான். ஏரிக்கு மேற்கே மேட்டில் பெரியண்ணன் குழி வெட்டினார். நல்ல மழை. அவள் முகத்தில் மண் விழுந்தது. துடைத்துவிடக் கையை நீட்டினேன் — நஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள்.

1943 பிப்ரவரி 2
எழுத என்ன இருக்கு?

1945 ஜூன் 24
அவர் விடுதலையாகி வந்தார். தருமபுரியில் கூட்டம். பெண்களோடு கடைசியில் உட்கார்ந்திருந்தேன். "என் மனைவி பரோல் கேட்கவில்லை. மகளை நாட்டுக்குக் கொடுத்தாள்" என்றார் மேடையில். குப்புராஜ் சொல்லிவைத்திருப்பார். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் கொடுக்கவில்லை. பயந்தேன். அவ்வளவுதான். "எந்திரிச்சு நில்லுங்கம்மா" என்று யாரோ என்னைக் காட்டினார்கள். எழுந்தேன். அப்படியே வெளியே நடந்துவிட்டேன்.

ஜூன் 25
புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். பின்னால் குப்புராஜ், கையில் மாலை, கூடவே படம் பிடிப்பவர்.
"மழை அடிச்சிக்கிட்டுப் போயிருச்சுங்க. எடம் தெரியல" என்றேன்.
எல்லோரும் போனபின் கேட்டார்: "நெசமாவே தெரியலையா?"
"தெரியுமுங்க. உங்களுக்கு மட்டும் காட்டறேன்."
மனுவைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.
"அனுப்பியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுட்டாவது வந்திருப்பேன்."
ஐயோ, இதை ஏன் சொன்னார்? எப்படியும் வந்திருக்கமாட்டார் என்று நினைத்துத்தானே இத்தனை நாள் உசுரோட இருந்தேன்!

ஜூன் 26
விடியும்போது இருவரும் ஏரி மேட்டுக்குப் போனோம். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

ஜூலை 8
அவரோடு அரூர்க் கூட்டத்துக்குப் போய்வந்த குப்புராஜ் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் பலரும் கேட்டார்களாம். பேச எழுந்தவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.