'மறுபடி' என்னும் சொல்லுக்கு விதித்த தடை

வாழிய. மழையையும் மதகையும் நம்பி வாழும் குறுமணல் நாட்டை ஆள்பவளும், கீழ்க்கரையின் காவலும், நாரை முத்திரைக்கு உரியவளுமாகிய நீலங்கோதை, தன் தம்பியும் நாட்டின் ஒரே தேரோட்டியும் முதல் வளைவின் வேந்தனும் வைக்கோல் படுக்கையின் நெடுநாள் விருந்தாளியுமாகிய இளவரசன் விடங்கனுக்கு விடுக்கும் ஓலை. உன் தேர் மண்டபம் நலமாக இருக்கட்டும். அதன் உத்திரங்களும் அவற்றில் கூடு கட்டிய குருவிகளும் நலமாக இருக்கட்டும். நீயும் நலமாக இரு. வரும் முழுநிலவு நாள் வரையாவது கட்டாயம் நலமாக இரு, ஏனெனில் உனக்குப் பதிலாகத் தேரில் ஏற்ற எம்மிடம் வேறு ஆள் இல்லை.

நீ அனுப்பிய ஓலை கிடைத்தது. அதை அவையோர் முன் இருமுறை வாசிக்கச் செய்தோம்; முதன்முறை பொருள் விளங்குவதற்காக, இரண்டாம் முறை அது வேடிக்கைக்கு எழுதப்பட்டதல்ல என்று உறுதிசெய்துகொள்வதற்காக. பொய்த்தேரில் உன் ஓட்டத்தின் நேரம் குறையாததற்கு இருக்கைப் பலகையின் கடினமே காரணம் என்றும், கடற்கரைத் தச்சரைக் கொண்டு சாய்மானம் உள்ள புதிய இருக்கை செய்வித்துத் தரவேண்டும் என்றும், அத்தோடு மான்தோல் கையுறையும் தந்தப்பிடி வைத்த கடிவாளமும் பித்தளையில் ஒரு மிதிகட்டையும் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். போன முறை நீ கேட்டு வாங்கிய பட்டு மெத்தையும் வெள்ளிப்பூண் சவுக்கும் இன்னும் அந்த மண்டபத்தில்தான் இருக்கின்றன. சவுக்கால் எதை அடிக்கிறாய் என்பது எமக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தத் தேருக்குக் குதிரையே கிடையாது.

மறந்திருப்பாய் என்பதால் பழையதைச் சொல்கிறோம். பெருமதகின் நீர் நமக்கா, தாழி நாட்டுக்கா என்பதை இரு நாடும் ஒரு காலத்தில் வாளெடுத்து முடிவு செய்தன. பிறகு தேரோட்டி முடிவு செய்தன. அதில் குதிரைகள் கால் ஒடிந்தும் இளவரசர்கள் கழுத்து ஒடிந்தும் மாண்டதால், குதிரைகளின் மேல் இரக்கம் கொண்டு நம் முன்னோர் பொய்த்தேரைக் கண்டுபிடித்தார்கள். தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். பாதை வரைந்த நெடுஞ்சீலை அதன் முன்னே உருளையில் சுற்றி ஓடும். கடிவாளத்திலும் வேகத்தைக் குறைக்கும் மிதிகட்டையிலும் கட்டிய கயிறுகள் சுவருக்குப் பின்னே இருக்கும் உருளைக்காரர்களுக்குச் செய்தி சொல்ல, அவர்கள் சீலையை விரைந்தோ மெதுவாகவோ சுற்றுவார்கள். வளைவில் வேகம் மிஞ்சினால் தேர் சாய்ந்து ஓட்டியவனை வைக்கோலில் கொட்டும். எதிராளி பக்கத்தில் ஓடுவதில்லை. அவரவர் தனியே ஓட்டவேண்டும். யார் ஓடி முடிப்பதற்குள் நீர்க்கடிகையிலிருந்து குறைவான நீர் சொட்டுகிறதோ அவர் நாட்டுக்கு ஓராண்டு மதகின் திறவுகோல். கடைசியாக வென்றவரின் வேகத்தில் ஒரு சிறு தகரத் தேர் சீலையின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிழல் என்போம். இவ்வளவுதான் கலை. இதில் தந்தத்துக்கு வேலை எங்கே என்று நீயே சொல்.

சென்ற ஆண்டு நடந்ததை எழுதாமல் விடலாம் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டார். எழுதுகிறோம்.

பெருமதகுத் திடலில் இரு நாட்டு அவையும் கூடியிருந்தது. முதல் வளைவை நீ எடுத்த அழகைத் தாழி நாட்டவரே வாய்விட்டு வியந்தார்கள். அதை நாம் மறுக்கவில்லை. நிழல் உனக்குப் பின்னால் போயிற்று. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இரண்டு வளைவுகளைக் கடந்தாய். கடைசி வளைவில், மேட்டுக்கு அப்பால் பாதை சட்டென்று இடப்புறம் மடங்குவது உனக்குத் தெரிந்திருக்கவில்லை. வைக்கோலில் விழுந்தாய். விழுவது குற்றமல்ல. எழுந்து ஏறி மிச்சத்தை ஓட்டியிருந்தால் சில துளி நீரே கூடியிருக்கும், அப்போதும் வென்றிருப்பாய். நீயோ வைக்கோலில் சாய்ந்தபடியே, உன் மண்டபத்தில் செய்வதுபோல ஒரு விரலை உயர்த்தி, "மறுபடி" என்றாய்.

உருளையை யாரும் பின்னோக்கிச் சுற்றவில்லை. நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. இரண்டாம் முறையும் சொன்னாய், சற்று அதட்டலாக. தாழி நாட்டின் தேரோட்டியான கிழத்தளபதி கொற்றன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவருடைய நாட்டு மகளிர் அந்த மரியாதையையும் காட்டவில்லை.

திறவுகோல் போயிற்று. கால்வாயின் கடைமடையில் இருக்கும் தும்பைக்குடிக்கு அந்த ஆண்டு ஒரு குடம் நீரும் போய்ச் சேரவில்லை. அவ்வூரார் அவைக்கு வந்தார்கள். நீர் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தோம். அவர்களில் மூத்தவள் ஒருத்தி கேட்டது வேறு. "இளையவர் ஒரு சொல் சொல்வாராமே தாயே, அதை எங்கள் வயலில் வந்து சொன்னால் பயிர் முளைக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள். அவைக்காவலர் அவளை அதட்ட எழுந்தபோது நாம் கையமர்த்தினோம். அவள் கேள்வியில் பிழை எதுவும் இல்லை.

அதன் பின்னும் உன் மண்டபத்திலிருந்து முரசு ஓயவில்லை. இளவரசர் இன்று முதல் வளைவில் நிழலை முந்தினார் என்று அறிவிப்பார்கள். நகரத்தார் பானகம் ஊற்றுவார்கள். மறுநாளும் அதே முரசு, அதே வளைவு. ஓட்டம் முடிந்தது என்று மட்டும் ஒருநாளும் முரசு சொல்லவில்லை. ஆதலால் நேரில் வந்தோம். நீ உண்ட களைப்பில் உறங்கிக்கொண்டிருந்த நண்பகல் அது. எழுப்பவேண்டாம் என்று நாமே சொன்னோம்.

உருளைக்காரர் தலைவன் காரியை அழைத்துச் சீலை முழுவதையும் விரிக்கச் சொன்னோம். அவன் தன் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். "இரண்டாம் வளைவுக்கு மேல் இந்தச் சீலை ஓடிப் பார்த்ததில்லை, தாயே" என்றான். நீ சிறிது பிசகினாலும் மறுபடி என்பாய், அவர்கள் பின்னோக்கிச் சுற்றுவார்கள், மீண்டும் முதல் வளைவு வரும். இதுவே பொழுதெல்லாம் நடப்பதாக விண்ணப்பித்தான். தன் மனைவி மறுபடி சோறு போடட்டுமா என்று கேட்டாலும் தன் கைகள் தாமாகப் பின்னோக்கிச் சுற்றுவதாகவும், அதனால் இருமுறை குழம்புச் சட்டி கவிழ்ந்ததாகவும் சொன்னான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கியது எமக்காக, உனக்காக அல்ல.

விரித்தார்கள். முதல் வளைவில் எழுதியிருந்த புளியமரம் தேய்ந்து தேய்ந்து வெறும் கறையாகியிருந்தது. ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்கள். இரண்டாம் வளைவைத் தாண்டியதும் வண்ணம் நேற்று எழுதியதுபோல் பளிச்சிட்டது. கடைசி வளைவு வரும் நேரத்தில் உருளை சிக்கிக்கொண்டது. நால்வர் சேர்ந்து தள்ளியபோது, சுருளின் மடிப்பிலிருந்து கந்தலும் வைக்கோலுமாக ஒரு கூடு எம் காலடியில் விழுந்தது. உள்ளே கண் திறக்காத எலிக்குஞ்சுகள். நம் நாட்டின் நீரை முடிவு செய்யும் அந்த வளைவில் ஓர் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது, தம்பி. அதற்குத் தெரிந்த அளவுகூட உனக்கு அந்த இடம் தெரியாது.

அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அறிவாயா? தும்பைக்குடி. ஓவியன் கால்வாயை நிறைய நீரோடு எழுதி, நாற்று நடும் பெண்களையும், முதல் வீட்டு வாசலில் படுத்திருக்கும் ஒரு நாயையும் எழுதியிருக்கிறான். நீரையும் நாற்றையும் தவிர மற்றவை இன்றும் அங்கே உள்ளன.

கொற்றனைப் பற்றி நம் ஒற்றன் அனுப்பிய செய்தியையும் கேள். அவர் வெறும் பலகையில் அமர்கிறார். வளைவுக்குள் நுழைந்த பிறகு அலறிக்கொண்டு மிதிகட்டையை அழுத்துவதில்லை. நேர்ப்பாதை முடியும் முன்பே அழுத்திவிட்டு, வளைவின் நடுவிலேயே வேகத்தை மீண்டும் எடுக்கிறார். கண் நிழலின் மேல் போவதில்லை, பாதை வெளியேறும் இடத்தில் நிற்கிறது. கவிழ்ந்தால் எழுந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, கெட்டுப்போன ஓட்டத்தையும் கடைசிவரை ஓட்டி முடிக்கிறார். பார்ப்பதற்கு இத்தனை சலிப்பான ஒன்றைத் தான் கண்டதில்லை என்றும், ஆனால் கடிகையில் நீர் குறைந்துகொண்டே வருகிறது என்றும் ஒற்றன் எழுதுகிறான்.

ஆதலால் ஆணையிடுகிறோம். இருக்கை இல்லை, கையுறை இல்லை, தந்தம் யானையிடமே இருக்கட்டும். சவுக்கை எருமை மேய்ப்பவருக்குக் கொடுத்துவிட்டோம். அவர் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர். நீ ஒரு முழு ஓட்டத்தை முடித்துக் காட்டும் வரை நிழலைத் துணியால் மூடிவைப்பார்கள். பயிற்சி இனிக் கடைசி வளைவிலிருந்து தொடங்கும். அது கைக்கு வந்தபின் அதற்கு முந்தைய வளைவு, பின்பு அதற்கும் முந்தையது; நீ காதலிக்கும் முதல் வளைவை இறுதியில் காண்பாய். மறுபடி என்னும் சொல் இன்றுமுதல் அந்த மண்டபத்துக்குள் நுழையக்கூடாது. நீ சொன்னால் உருளைக்காரர் எவரும் செவிசாய்க்க வேண்டியதில்லை. சீலை முன்னோக்கி மட்டுமே ஓடும், நீ தேரில் இருந்தாலும் வைக்கோலில் இருந்தாலும். காரியின் மனைவிக்கு மட்டும் இத்தடையிலிருந்து விலக்கு. எலியும் குஞ்சுகளும் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே அவற்றைத் தொந்தரவு செய்ய நெல் எதுவும் இல்லை.

இவ்வோலையைத் தூதன் உன் முன் ஒருமுறை வாசிப்பான். நடுவில் விரலை உயர்த்தி முதலிலிருந்து கேட்க நினைத்தால், செவிடனாக நிற்கும்படி அவனுக்கும் ஆணை.

முழுநிலவு நாள் ஓட்டத்தில் வென்றால் திறவுகோலை நீயே தும்பைக்குடிக்குச் சுமந்து போய், அவைக்கு வந்து கேட்ட அந்த மூத்தவளை அழைத்துவந்து அவள் கையால் மதகைத் திறக்கச் செய்வாய். தோற்றால் இளவரசுப் பட்டம் நீங்கி அதே ஊரில் குடியிருந்து, அவர்கள் தோண்டும் ஊற்றில் நீயும் தோண்டுவாய். ஆக எப்படியும் போகப்போகிறாய். வழி தெரியாது என்று சொல்லாதே. மேடு தாண்டியதும் வேகத்தைக் குறை. பாதை இடப்புறம் மடங்கும். முதல் வீடு, வாசலில் நாய் படுத்திருக்கும்.

இது நம் வாய்மொழி. எழுத்தாணி நின்றது, நாரை அமர்ந்தது.