சல்லிசாக ஒரு வீடு

பெரிய காஞ்சிபுரம்,
9-7-1971.

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ரேணுகாம்பாள் எழுதிக்கொண்டது. பிலாயில் நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நீங்கள் போட்ட கடிதத்தை நானும் படித்தேன். பதிலை நானே எழுதுகிறேன். இவர் எழுதினால் உங்கள் மனம் நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து எழுதுவார். எனக்கு அந்தக் கவலை இல்லை.

செவிலிமேட்டில் மாடி வீடு கட்ட வேண்டும் என்று போன கோடையில் லீவில் வந்தீர்கள். என்ஜினீயர் ஆயிற்றே என்று இவரைக் கூப்பிட்டீர்கள். மனையை அளந்து, பிளான் போட்டு, கட்டி முடியும்வரை கூட நின்று பார்க்க இவர் ஒரு தொகை கேட்டார். ஊராரிடம் வாங்குவதைவிடக் குறைவுதான். "நாலு கோடு போடறதுக்கு இவ்ளோவா மாப்ளே? சொந்தத்துலயே யாபாரமா?" என்று சிரித்தீர்கள். பிளானை மட்டும் சுருட்டிக்கொண்டு போனீர்கள். என்ஜினீயரே வேண்டாம், சல்லிசாக முடித்துத் தருகிறேன் என்றானாம் மேஸ்திரி முனிசாமி. அவனிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள்.

அப்படியும் இவருக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்திருக்கிறார். போர்ட்டிகோவுக்குப் பிளானில் போட்டதைவிட மெல்லிய கம்பி. அதிலும் காங்கிரீட் இறுகுவதற்குள் அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம், வேறு வீட்டு வேலைக்கு வேண்டுமென்று. இவர் தடுத்திருக்கிறார். ஆட்கள் முன்னாலேயே முனிசாமி, "துட்டு கெடைக்கலன்ற வயித்தெரிச்சல்ல பேசிக்கினு இருக்கீங்க சார், போங்க" என்றிருக்கிறான். அன்றே உங்களுக்குத் தந்தி கொடுத்தார். தலையிட வேண்டாம் என்று நீங்கள் பதில் தந்தி அடித்தீர்கள்.

அந்தப் போர்ட்டிகோ இடிந்து விழுந்தபோது அடியில் அங்கம்மாள் இருந்தாள். ஓரிக்கையிலிருந்து சித்தாள் வேலைக்கு வருகிறவள். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி கொண்டுபோகிறேன். "வூட்டு மொதலாளி வந்து பாப்பாராமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்? உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் பேர் ஒரு இடத்திலும் இல்லை.

கூட நின்று மேற்பார்வை பார்த்தது நான்தான் என்று இவர் போலீசில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அன்று கேட்ட தொகையை இப்போது மணியார்டரில் அனுப்பியிருக்கிறீர்கள்! வேலைக்குக் கொடுக்க மனம் வராத பணம், பொய்க்கென்றதும் வந்துவிட்டதா?

இவருக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று, "உங்க அண்ணன் ஆச்சேம்மா. நீ போடுன்னா போட்டுடறேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மணியார்டரையும் வாங்காமல் திருப்பிவிட்டோம். விசாரணைக்கு இவர் போவார். நடந்ததை நடந்தபடி சொல்வார்.

அண்ணா, அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். லீவு போட்டு வாருங்கள். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கம்மாளைப் பாருங்கள். அவள் பிழைப்புக்கு என்ன வழி செய்யப்போகிறீர்கள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் நம் வீட்டுக்கு வாருங்கள், எந்நேரமானாலும் உலை வைக்கிறேன். அவளைப் பார்க்காமல் மட்டும் வர வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு அத்தையின் ஆசிகள்.

என்றும் உங்கள் தங்கையாகவே இருக்க வேண்டும் என்று காமாட்சியை வேண்டிக்கொள்ளும்,
ரேணுகாம்பாள்.