கடைசி விளக்கு: நிறையும் குறையும்

ஆரணி
வெள்ளிக்கிழமை, முற்பகல்

அன்புத் தம்பி சந்துருவுக்கு, உன் அக்கா பரிமளா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் நலம். விடுதியில் உன் மருமகன் கிரணும் நலம். நீ நலமா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக இந்த முறை மனம் வரவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் இத்தனை பக்கமும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கணினியைத் திறந்தேன். வாசல் தெளிக்கவில்லை, பால் வாங்கவில்லை. நீ அனுப்பிய ‘கடைசி விளக்கு’ விளையாட்டில், கடைசி வீடு வரைக்கும் என் ஆளைக் கொண்டுபோனேன். அங்கே விளக்கை அணைக்காமல், எந்த விசையையும் தொடாமல், அவனை அப்படியே நிற்கவிட்டுத்தான் எழுந்து வாசலுக்குப் போனேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உன் மாமா தறிக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னா பரிமளா, காலங்காத்தால கேம் முன்னாடி குந்திகினு கீற? சேத்துப்பட்டு பார்ட்டி புடவை போட்டோ கேட்டு உயிர வாங்கறாங்க” என்றார். தம்பி அனுப்பியது, பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். “அவன் ஒரு லூசு, அவனுக்குன்னு வந்து வாய்ச்ச அக்கா நீ” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எப்போதும் சொல்வதுதான். எப்போதும் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நீ கல்லூரியில் செய்த முதல் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அரிசி ஆலைத் தெருவில் ஓர் எருமையை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உன் எருமை லாரி மாதிரி ரிவர்ஸ் எடுத்தது. அதை எழுதி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது நீதான் சொன்னாய்: “அக்கா, இனிமே எது செஞ்சாலும் உனக்குத்தான் ஃபர்ஸ்ட்டு. நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதி அனுப்பு. போன்ல சொன்னா சண்டை போடுவேன். பேப்பர்ல எழுதினா படிச்சுத்தானே ஆவணும்.” கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் புடவை படம் அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று உனக்குத் தெரியாது. உன்னால்தான் மற்றவர்கள் செய்த விளையாட்டுகளையும் விளையாட ஆரம்பித்தேன். விவசாய விளையாட்டு, பேய் விளையாட்டு, மலையேறும் விளையாட்டு எல்லாம் பார்த்துவிட்டேன். ஆகையால் இதை ஓர் அக்காவின் கடிதமாகப் பார்க்காதே. விளையாடத் தெரிந்த ஒருத்தி எழுதுகிறாள் என்று எடுத்துக்கொள்.

முதலில் நிறைகள்.

நீ இதுவரை செய்ததில் இதுதான் நேர்த்தியானது. ஆள் இல்லாத ஓர் ஊர், பொழுது சாயும் நேரம். ஒருவன் வீடு வீடாகப் போகிறான். யாரோ விட்டுப்போன குழாயை மூடுகிறான், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நிறுத்துகிறான், விளக்கை அணைக்கிறான். அந்த வீடு இருண்டதும் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, அவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். எதிரி இல்லை, புள்ளி இல்லை, அவசரம் இல்லை. விளையாடுகிறவர்கள் மனதுக்கு இதமாக இருக்கிறது என்று பாராட்டுவார்கள். முதல் முறை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சத்தங்களைச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க விசைத்தறி ஓடும்போது எந்த ஒலியும் தனியாகக் காதில் விழாது. உன் விளையாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, அடியில் இருக்கும் ஒலி வெளியே வருகிறது. முதலில் மிதிவண்டிச் சங்கிலி, அப்புறம் தண்ணீர் சொட்டுவது, கடைசியில் அவனுடைய மூச்சு. இதை இவ்வளவு பொறுமையாக யாரும் செய்து நான் கேட்டதில்லை. முதல் முறை அந்த மூச்சைக் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி குறைகள்.

சாத்திய கதவைத் திறக்க முடியவில்லை. முதல் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். தள்ளினேன், தட்டினேன், பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். அணைத்த விளக்கையும் மறுபடி போட முடியவில்லை. இது செய்ய மறந்ததா, வேண்டுமென்றே செய்யாததா?

விளையாட்டில் வரும் நம் ஊர் ஆற்றில் தண்ணீர் அதிகம். கமண்டல நாகநதியில் நுரை தளும்பக் கரை தொட்டு ஓடுவதை நாம் என்றைக்குப் பார்த்தோம்? மழைக்கு நாலு நாள், அதற்கப்புறம் மணலும் முள்ளும்தான். நீ தெருவில் கிடக்கும் குப்பையைக்கூட உள்ளபடி வைத்திருக்கிறாய். ஆற்றை மட்டும் ஆழமாக்கி, நிலா வெளிச்சம் போட்டு, அழகாக்கி வைத்திருக்கிறாய். கடைசி வீட்டின் விளக்கை அணைத்தால் பின்கதவு திறக்கிறது. அந்த ஒரு கதவுதான் இந்த விளையாட்டில் திறக்கிற கதவு. அங்கிருந்து படி நேராக ஆற்றில் இறங்குகிறது. திரை கறுப்பாகிறது. அத்தோடு முடிந்துவிடவில்லை, விளையாட்டு தன்னைத்தானே கணினியிலிருந்து அழித்துக்கொள்கிறது. நல்லவேளை, நான் நகல் எடுத்து வைத்திருந்தேன்.

சந்துரு, நான் விளையாட்டுகளில் எத்தனையோ முறை செத்திருக்கிறேன். மலையிலிருந்து விழுந்திருக்கிறேன், பேயிடம் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரை கேட்கும், மறுபடி முயல்கிறாயா என்று. எவ்வளவு மட்டமான விளையாட்டும் அதைக் கேட்காமல் ஆளை விடாது. நீ கேட்கவில்லை.

அடுத்த குறையை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கடைசி வீடு நம் வீடு. போன மாதம் நீ வந்தபோது ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தாய். எதற்குடா என்று கேட்டதற்கு, “சும்மாதான்க்கா, கேமுக்கு” என்றாய். கிளம்பும்போது உன் பழைய வீடியோ கேம் பெட்டியைக் கிரணுக்கு என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். யாரையும் தொடவிடாத பெட்டி. மாமனுக்குத் தாராளம் வந்துவிட்டது என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

நீ எடுத்த படங்களில் தறியில் பாவு இருக்கிறது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய அரக்குச் சிவப்பு இழைகள், பாதி நெய்தது. இன்றைக்கும் அதே பாவுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் விளையாட்டில் அதே தறி, அதே பலகை, பக்கத்தில் அதே சாம்பல் கிண்ணம்கூட இருக்கிறது. பாவு மட்டும் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். இழைகளைக் கோக்கும் அச்சில் ஓர் இழைகூட இல்லை.

வெளியூர்க்காரர்கள் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். காலித் தறி, அழகாக இருக்கிறது என்பார்கள். தறி வீட்டில் பிறந்த நீ அப்படி வரைய மாட்டாய். பாவு முடிந்தால் புடவையை அறுக்கும்போது அச்சில் கோத்திருக்கும் இழைகளின் வாலை அப்படியே விட்டு வைப்போம். புதுப் பாவின் இழைகளை அந்த வாலோடுதான் ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டுத் திரித்துப் பிணைப்பது. அந்த வாலையும் உருவி எடுத்துவிட்டால், தறியைப் பிரிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அப்பா போனபோது காரியம் முடிந்ததும் தறியைப் பிரித்துவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த நீதான் போய் உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்தாய். “தறிய வெறுமனே வுடக் கூடாதுக்கா” என்றாய். விரலெல்லாம் சாம்பல்.

அதைச் சொன்னவனே இதை உருவி வைத்திருக்கிறான். இதை நான் என்ன குறை என்று எழுதுவது?

நேற்று மதியம் துரைக்குப் போன் செய்தேன். உனக்குச் செய்தால் நீ எடுப்பதில்லை, கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. துரை நம் சேத்துப்பட்டுப் பிள்ளை, பெங்களூருவில் உன்னோடு ஒரே ஆபீசில் இருந்தவன், பொய் சொல்லத் தெரியாதவன். உங்கள் கம்பெனி இந்த விளையாட்டை வேண்டாம் என்று நிறுத்திவிட்டதையும், நீ வேலைக்குப் போவதை விட்டுவிட்டதையும் அவன் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை, பரவாயில்லை. முந்தாநாள் உன்னை வந்து பார்த்தானாம். “இப்ப நல்லாத்தான் கீறாருக்கா. முன்னெல்லாம் ஒரே பேஜாரா இருப்பாரு, இப்ப அவ்ளோ அமைதி. ரூம்பு பளிச்சுனு கீது. செடித் தொட்டிங்கள எல்லாம் என்கிட்டயே குடுத்துட்டாரு, இனிமே நீ தண்ணி ஊத்துடான்னு” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். 

அவனிடம், உன் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி ராத்திரி சந்துருவோடு போய்த் தங்கு, நான் சொல்லும் வரை கூடவே இரு என்றேன். துரை ஏன் என்று கேட்கவில்லை.  “இப்பவே கெளம்பறேன்க்கா” என்றான். இன்று காலையும் பேசினேன். உனக்கும் சேர்த்து இட்லி வாங்கிவரப் போயிருந்தான், தெருமுனையில்தான். அவன்மேல் கோபப்படாதே. அவன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்போது காலையில் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு விளையாட்டைச் சோதிக்கிறவர்கள், செய்தவன் எதிர்பார்க்காத எதையாவது செய்து பார்ப்பார்கள். இந்த விளையாட்டில் எல்லாரும் அணைத்துக்கொண்டே போவார்கள். நான் அணைக்காமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன். கடைசி விளக்கு எரியட்டும், இவன் நிற்கட்டும், என்ன ஆகிறது என்று பார்க்கலாம். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் வாங்கி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். பின்கதவு சாத்தியே இருந்தது.

அப்போது மணி அடித்தது. என்னுடைய போன் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். இல்லை. திரையில் உன் தறிப் பலகைமேல், சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அவனைக் கிட்டே நடத்திக்கொண்டு போனேன். அதில் ‘அக்கா’ என்று இருந்தது.

எல்லா விசைகளையும் அழுத்தினேன். எடுக்க வழியில்லை. நின்றது, மறுபடி அடித்தது, மறுபடி நின்றது. உன் மாமா உள்ளேயிருந்து, “யாருடி அது, எடுத்துத் தொலையேன்” என்றார். எடுக்க முடியவில்லை என்றேன். காபி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

போன் அடிக்கிறது, எடுப்பதற்கு விசை இல்லை என்று குறைப் பக்கத்தில்தான் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். இவ்வளவு நேரம் சும்மா நின்று பார்க்கிறவர்கள் யார்? இந்த விளையாட்டை யார் அப்படிப் பொறுமையாக விளையாடுவார்கள்? என்னைத் தவிர ஒருவரும் மாட்டார்கள், அது உனக்குத் தெரியும். எனக்காகத்தான் வைத்திருக்கிறாய். எல்லாவற்றையும் அணைக்கச் சொன்ன நீ அதை மட்டும் அடிக்கவிட்டிருக்கிறாய். அதனால் அது நிறைப் பக்கத்துக்குப் போகிறது. அந்தப் பக்கத்தில் எனக்கு உண்மையாகப் பிடித்தது அது ஒன்றுதான்.

கணினியை நிறுத்தவில்லை. இதை எழுதும்போதும் அவன் அங்கே நின்றுகொண்டிருக்கிறான், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சேத்துப்பட்டுக்காரர்களுக்குப் புடவைப் படங்களை அனுப்பிவிட்டேன். சாம்பார் அடுப்பில் கொதிக்கிறது, உன் மாமாவுக்கு இரண்டு வேளைக்குக் காணும். நிறுத்திவிடாதீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கணினிமேல் ஒட்டப் போகிறேன். திட்டுவார், ஆனால் தொட மாட்டார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நீ இதைப் படிக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். எழுதியிருந்தால்தான் படிப்பாய் என்று சொல்லியிருக்கிறாயே, அதற்காகத்தான் எழுதினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து பெங்களூரு வருகிறேன். உன் மாமாவிடம் சொல்லவில்லை, கிரணிடமும் சொல்லவில்லை, துரைக்கும் தெரியாது. சொன்னால் முதலில் ஒரு போன் போட்டுப் பார் என்பார்கள். போட்டுப் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்கு வா என்று உன்னைக் கெஞ்சப் போவதில்லை, உன்னோடு வாதாடவும் போவதில்லை. நீயாக என்னோடு கிளம்புகிற வரைக்கும் உன் அறையிலேயே இருக்கப் போகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் இருவரும் சேர்ந்து போவோம். தனியாகத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி. நான் தட்டும்போது கதவைத் திற, எனக்கு அது ஒன்று போதும். பையில் என் துணி இரண்டுதான் வைத்திருக்கிறேன். மிச்ச இடத்தை உன் துணிக்காக விட்டிருக்கிறேன்.

வழியில் இருக்கும் உன் அக்கா,
பரிமளா