பத்தொன்பது பெயர்கள்

ஓசூர், 14 செப்டம்பர் 1956

காலையில் சானமாவு சாலையில் கல் உடைக்கும் பெண்கள் பத்தொன்பது பேரையும் வாக்காளர் பட்டியலுக்காக எழுதிக்கொண்டேன். சென்ற தேர்தலின்போது இவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்கள். எனக்குப் பொறுமையில்லை. 'கரியப்பன் மனைவி', 'மாதப்பன் மனைவி' என்றே எழுதிக் கொடுத்தேன். செல்லாது என்று அடித்துவிட்டார்கள். வாக்குச்சாவடி வாசலிலிருந்து அவர்கள் திரும்பிப் போனது என் தவறு.

இன்று கரியப்பன் மனைவி வாய் திறக்கவே அரை மணியானது. "எம் பேர எம் புருசனே கூப்பிட்டதில்லீங்கம்மா. எப்பவும் 'ஏய்'தான்." எல்லோரும் சிரித்தார்கள். பாப்பம்மா என்று எழுதினேன்.

"இந்த வாட்டியாச்சும் ஓட்டு உண்டுங்களா?"

உண்டு என்று வாக்குக் கொடுத்தேன்.

15 செப்டம்பர்

பட்டியலைக் கோவிந்தப்பனிடம் கொடுத்தேன். கட்சிக் கிளைச் செயலாளர். தாலுகா கச்சேரிக்கு அவன்தான் கொண்டுபோவான். என் கணவர் கட்சியில் சேர்த்துவிட்ட பிள்ளை. "அக்கா எழுத்து அச்சு மாதிரி" என்றான். கான்வென்டில் மதர் சொன்னதும் அதுவே.

22 ஜனவரி 1957

புதுப் பட்டியல் வந்துவிட்டது. விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். ஒரு பெயர்கூட இல்லை. பெயர் சேர்க்கக் கடைசித் தேதியும் போய்விட்டது.

23 ஜனவரி

என் காகிதம் கோவிந்தப்பன் மேசையிலேயே கிடந்தது. நான் மடித்த மடிப்புக் கலையவில்லை. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பேன்.

"மறக்கலக்கா. ரோடு கான்ட்ராக்டரு நம்ம கட்சி. கூலி பத்தலன்னு அவளுங்க அவரு மேல கடுப்புல இருக்காளுங்க. ஓட்டு நமக்கா உழும்? மாமா இருந்தா அவரும் இதத்தான் செஞ்சிருப்பாரு."

அவர் செய்திருப்பாரா? மாட்டார். மாட்டார்தானே? யாரைப் போய்க் கேட்பேன்?

29 ஜனவரி

கட்சிக்கு விலகல் கடிதம் எழுதினேன். நான்கைக் கிழித்தேன். அவருடைய உறுப்பினர் சீட்டையும் சேர்த்து அனுப்ப நினைத்தேன். முடியவில்லை. என்னுடையது மட்டும்.

2 பிப்ரவரி

கோவிந்தப்பன் வந்தான். "எந்தக் கட்சிக்குக்கா போறீங்க?" எதற்கும் இல்லை என்றேன். "அப்ப தனியாவா?"

புருஷனை இழந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

10 பிப்ரவரி

சானமாவு போய் உள்ளதைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பாப்பம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

6 மார்ச்

வாக்குப்பதிவு. பாப்பம்மா என்னோடு பள்ளிக்கூடம் வரை வந்தாள். "உள்ள உடாட்டிப் போறாங்க. வெளிய நின்னு பாக்கறதுக்கும் பேரு வேணுமா?"

அதிகாரி என் பெயரை உரக்கப் படித்தார். சீட்டோடு திரைக்குப் பின்னால் போனேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய ஒரு பெட்டி. கட்சிப் பெட்டியை ஒருமுறை தொட்டேன். அவர் கையைத் தொட்டதுபோல் - வேண்டாம், இது மிகை. தகரம் குளிர்ந்திருந்தது. சீட்டைச் சுயேச்சையின் சைக்கிள் பெட்டியில் போட்டேன்.

பாப்பம்மா வாசலில் காத்திருந்தாள். "உங்க பேரு நாராயணம்மாங்களா? எங்க பேரையெல்லாம் புடுங்கி வாங்குனீங்க, உங்க பேர ஒருநாளும் சொல்லலியே!"

உண்மை. அவர்களிடம் நான் என்றைக்கும் 'ராஜப்பன் சம்சாரம்'தான். அதில் எனக்குப் பெருமையும்கூட.

15 மார்ச்

கட்சி ஜெயித்தது. சுயேச்சைக்கு வைப்புத்தொகைகூடத் திரும்பவில்லை. ஊர்வலம் ஒவ்வொரு முறையும் என் வாசலில் நின்று அவர் படத்துக்கு மாலை போடும். காலையிலேயே படத்தைத் துடைத்து வைத்திருந்தேன். எதற்காக? இந்த முறை ஊர்வலம் மேளத்தோடு என் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அது போன பிறகு தெருவிலிருந்து ஒரு குரல்: "நாராயணம்மா... ங்க!"

அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். அவருக்குப் பிறகு இந்த வாசலில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

பாப்பம்மா, புடவையெல்லாம் கல்தூசி. பின்னால் அவள் மகள். "இவ பேரையும் சேத்து எழுதுங்க. இந்த வாட்டி கச்சேரிக்கு நாங்களும் வர்றோம்."

பேனாவில் மசி இல்லை. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதினேன் - பென்சிலில். கண்ணைத் துடைத்துக்கொண்டு போக வேண்டும்.