அந்தத் தேவாலயத்தில் ஒரு தமிழ்ப் பெயர்

போன வாரம் எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய இறுதிச் சடங்குக்காகப் பழைய கல் தேவாலயம் ஒன்றுக்குப் போனேன். ஓக்லாந்தில் நான் இருக்கும் ஹில்ஸ்பரோவிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். கதவைத் தள்ளியதுமே அந்த வாசனை வந்தது. ஈரக் கல்லும், அணைத்த மெழுகுதிரியும், பழைய கம்பளியும் கலந்த வாசனை. உட்கார இடம் தேடாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நீ பக்கத்தில் நிற்பது போலவே இருந்ததடி.

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். பிறகு நீ டாக்டரைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போனாய். நான் ஓக்லாந்துக்கு வந்தேன். நடுவில் எத்தனையோ வருடம் தொலைபேசிக் குரலாக மட்டுமே இருந்தோம். கடைசியில் ஒரு இலையுதிர் காலத்தில் உன் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், "வா, உனக்கு ஒரு இடம் காட்டவேணும்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டாய்.

"இஞ்சை கடை ஒண்டும் இல்லையே, எங்கை கூட்டிக்கொண்டு போறாய்?" என்றேன்.

"தேவாலயத்துக்கு. பகலிலை ஆரும் வராயினம். நான்தான் போய் இருந்து தமிழிலை கதைச்சுப்போட்டு வாறது."

"ஆரோடை?"

"ஆரோடையும் இல்லை. சும்மா, வாய் மறந்து போகாமல் இருக்க."

அப்போது சிரித்தேன். உங்கள் வீட்டிலிருந்து அந்தக் கிராமத்தின் கடைசி வரை நடந்து, வழியில் ஒரு தமிழ் முகத்தையும் காணாதபோது சிரிப்பு நின்றுபோனது.

உன் வீட்டைச் சுற்றிக் காட்டுவது போலத்தான் அந்தத் தேவாலயத்தை எனக்குக் காட்டினாய். இரும்பு வளையத்தைத் திருப்பித் தோளால் தள்ளினால்தான் கதவு திறந்தது. உள்ளே குளிர். கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் கனத்த மர மூடி. ஒரு மூலையில் போர்வீரன் ஒருவனும் அவன் மனைவியும் கல்லாய்ப் படுத்திருந்தார்கள். பலர் தொட்டுத் தொட்டு இருவருக்கும் மூக்குத் தேய்ந்திருந்தது. அவன் காலடியில் ஒரு கல் நாய். "இந்தாளுக்குக் குளிரும் எண்டு நாயை வைச்சிருக்கினம்" என்றாய். வடக்குச் சுவரில், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஒரு பெரிய மனிதரின் ஓவியம் பாதி அழிந்து கிடந்தது.

"இவரைச் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சு வைச்சவை. பிறகு ஆரோ சுரண்டிப் பாக்க, உள்ளுக்கை அப்பிடியே நிண்டிருக்கிறார். காலுக்குக் கீழை பார், மீனும் இருக்கு."

பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. போரில் இறந்த அந்தக் கிராமத்து ஆண்களின் பெயர்கள். இரண்டு பெயர்களுக்கு ஒரே குடும்பப் பெயர். அவற்றின் மேல் விரலை வைத்தாய்.

"ஒரு வீட்டுப் பிள்ளையள். இவையின்ரை அம்மா இந்த வாங்கிலை இருந்து இதைப் பாத்துக்கொண்டே இருந்திருப்பா."

நீ யாரை நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் கொழும்புக்குப் பஸ் ஏறிய உன் தம்பி அங்கே போய்ச் சேரவே இல்லை. உன் அம்மா கடைசி வரை அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய விடவில்லை. செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். பேச்சில்கூட அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

நான் வாங்குகளின் ஓரமாக நடந்தேன். ஒவ்வொரு வாங்கின் பின்புறமும் முழங்காலிட்டு ஜெபிப்பவர்களுக்கான மெத்தைகள் கொக்கியில் தொங்கின. எல்லாம் அந்த ஊர்ப் பெண்கள் கம்பளி நூலால் தைத்தவை. ஆட்டுக்குட்டி, அல்லிப்பூ, கோதுமைக் கதிர் என்று பார்த்துக்கொண்டே போனேன். பின்வரிசையில் ஒரு நீல மெத்தை. பூ இல்லை, ஆடு இல்லை. மஞ்சள் நூலில் ஒரு கொடி ஓடுவது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். கொடி இல்லை, தமிழ் எழுத்து.

"செழியன்" என்று வாய்விட்டு வாசித்தேன்.

அந்தக் கல் கூரை அதை வாங்கித் திரும்பச் சொன்னது. நீ அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டாய்.

"திரும்ப ஒருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்டு தைச்சவை, என்னையும் கேட்டவை. எங்கட ஊர்க் கோலம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாய். கண்ணைத் துடைக்கவே இல்லை. அழுகிறாய் என்பதே உனக்குத் தெரியவில்லை போலும்.

பூச்சாடியோடு போதகர் உள்ளே வந்தது அப்போதுதான். நெட்டையான, வயதான மனிதர். நான் சொன்ன சொல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதன் பொருள் என்ன என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு எழுந்து, அந்த மெத்தையைக் கொக்கியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்து, இது என் தம்பியின் பெயர் என்று சொன்னாய். முழுக்கதையும் சொன்னாய். அவர் பூச்சாடியைத் தரையில் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார். நவம்பர் நினைவு நாளில் தகட்டிலுள்ள பெயர்களை வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசிக்கட்டுமா என்றார்.

"வேண்டாம். அது இறந்தவர்களுக்கு. அவன் இறந்துவிட்டான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றாய், ஆங்கிலத்தில், அழுத்தமாக.

ஞாயிறுதோறும் தூரத்தில் இருப்பவர்களுக்காகவும் ஜெபிக்கிறோம், அங்கே சொல்லலாமா என்று கேட்டார். நீ தலையசைத்தாய். உடனே அவர் பெயரைச் சொல்லிப் பழகத் தொடங்கினார். "செலியன்" என்றார். நாக்கை மடியுங்கள் என்றாய். "செரியன்" என்றார். அவர் வாயைக் கோணிக்கொண்டு பாடுபட்ட பாட்டில் மூவரும் சிரித்துவிட்டோம்.

அந்த ஞாயிறு நானும் உன் பக்கத்தில் இருந்தேன். நோயாளிகள், பயணம் போனவர்கள், அப்புறம் செழியன். பாதி பிழையாகத்தான் சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

"அம்மா இருந்திருந்தால் இதுக்கு எழும்பிப் போயிருக்கமாட்டா" என்றாய்.

உன் ஞாயிறு இரவு எனக்குத் திங்கள் காலை. ஒடாஹுஹுவில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போகும் வழியில், நெரிசலில் கார் ஊரும்போது நீ அங்கிருந்து தொலைபேசி எடுப்பாய். "இண்டைக்குச் சரியாச் சொன்னவர்." "இண்டைக்குப் பிழைச்சுப்போச்சு." அவர் ஓய்வு பெற்றார். புதிதாக ஒரு பெண் போதகர் வந்தார். அவருக்கும் முதலிலிருந்து பழக்கினாய். உனக்கு நோய் வந்த பிறகும் திங்கட்கிழமைகளில் உன் குரல் வந்தது. பிறகு வரவில்லை. இப்போதும் அந்த நேரத்தில் வானொலியைக் குறைத்துவைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

நீ போய்ச் சில வாரங்களில் உன் மகள் எடுத்தாள்.

"அன்ரி, அம்மா இல்லாமல் சேர்ச்சிலை அவைக்கு மாமான்ரை பேர் சொல்ல வருகுதில்லை. எனக்கும் அந்த லெட்டர் வராது. நீங்கள் ரெக்கோர்ட் பண்ணி அனுப்புவீங்களா? அம்மான்ரை பேரும் வேணும். அது இறந்த ஆக்களுக்கு வாசிக்கிறதுக்கு."

மருந்துக்கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனை எடுத்தேன். செழியன் என்று மெதுவாக, யாழ்ப்பாணத்தில் உன் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போலவே சொன்னேன். அடுத்து உன் பெயர். இறந்தவர்களோடு வாசிக்க உன் பெயரை எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த குரலில் சொல்லி, அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு முடிந்ததும் மகள் எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை.

"அன்ரி, நீங்கள் அம்மாவைக் கூப்பிடுற மாதிரியே கடைசியிலை 'டி' போட்டுச் சொல்லியிருக்கிறீங்கள். அதுவும் பேர்தான் எண்டு நினைச்சுப் போதகர் அப்பிடியே வாசிச்சிட்டா. திருத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன்.