போன் கொட்டகையில் நாற்காலி கிடையாது

ஹோம்ஸ் கவுண்டி, ஒஹாயோ
அக்டோபர் 9, வியாழக்கிழமை

அன்பு மகள் சலோமாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை டெல்பர்ட்டும் அங்கே மேற்கு மலைநாட்டில் சுகமா என்று எப்போதும்போல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை என்னால் முடியவில்லை. உண்மையாகவே கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா? வயிற்றில் பிள்ளை அசைகிறதா? இதற்கு மட்டும் பதில் சொல், மற்றதெல்லாம் பிறகு.

நீ திங்கட்கிழமை போன் செய்தது எங்களுக்கு நேற்று, புதன்கிழமை சாயங்காலம்தான் தெரியும். வீட்டுக்குள் போன் கூடாது என்பது நம் சபை ஒழுங்கு, உன் அப்பாவும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் பாதைமுனைப் போன் கொட்டகைக்குப் போய்ப் பதிவைக் கேட்பார், உனக்கே தெரியும். நாற்காலி ஆர்டர்களை எழுதிக்கொண்டிருந்தவர் பென்சிலை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நானும் போய்க் கேட்டேன். அம்மா, நான் சலோமா பேசறேன், எனக்குப் பயமா இருக்கும்மா, டெல்பர்ட் இன்னும் என்று சொல்கிறாய், அதோடு நின்றுவிட்டது. போனில் குரல் பதியும் பெட்டி நிறைந்துவிட்டதாம். நாற்பத்தொரு ஆர்டர்கள், பழையதை அழிக்காமலே வைத்திருந்திருக்கிறார். உன் குரலுக்கு மிஞ்சியது அந்த ஒரு மூச்சு இடம்தான்.

இன்னும் என்னடி? இன்னும் காட்டிலிருந்து திரும்பவில்லையா? இன்னும் காய்ச்சல் விடவில்லையா? உங்களுக்குள் ஏதாவது சண்டை வந்து இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையா? நேற்றிலிருந்து அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்னென்னவோ வைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக இருக்கிறது. மரம் வெட்டும் வேலைக்குப் போகிறவர், மலையில் ஒரு மரம் தப்பிச் சாய்ந்தால் போதாதா என்று ஒரு நினைப்பு. போன வருஷம் உன் முதல் பிள்ளை தங்காமல் போனபோது நீ சொல்லாமல் மூன்று வாரம் மறைத்து வைத்தாயே என்று இன்னொரு நினைப்பு. காலையில் மாவில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுப் பிசைந்திருக்கிறேன், பன்றிக்குத்தான் போனது.

இன்று காலையிலிருந்து உங்கள் பக்கத்துக் கொட்டகை எண்ணுக்கு ஐந்து தடவை அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. எடுக்க யார் அங்கே நிற்கப் போகிறார்கள், உன் வீட்டிலிருந்தும் அது அரை மைல் ஆயிற்றே. மாப்பிள்ளை வேலை செய்யும் மரக்கிடங்கு எண்ணிலும் சொல்லி வைத்திருக்கிறேன். நம்மோடு அந்தக் கொட்டகையைப் பங்கு வைத்திருக்கும் ஃபேனி சும்மா இருப்பாளா. உன் வீட்டுக்காரரு ஆர்டரை எல்லாம் ஊறுகாய் போட்டு வச்சிருந்தா பெட்டி நிறையாம என்ன செய்யும் எட்னா என்று வாசலில் நின்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கொண்டுவந்த ஆப்பிள் ஜாமைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதனால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா இன்று நாற்காலி வேலையைத் தொடவில்லை. பட்டறையில் இன்று டீசல் எஞ்சின் சத்தமே இல்லை, ரம்பம் ஓடவில்லை. மற்றவர்கள் பட்டறைக்குள்ளேயே போன் வைத்துக்கொண்டபோது வேண்டவே வேண்டாம் என்றவர் இவர். மூன்று வருஷத்துக்கு முன் சபையில் அந்தக் கொட்டகைக்கு அனுமதி கொடுத்த அன்று எழுந்து என்ன சொன்னார் என்று உனக்கும் நினைவிருக்கும். உள்ளே நாற்காலி கூடாது, உக்காந்தா நாக்கு நீளும், நின்னுக்கிட்டே ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டும் என்றார். எல்லோரும் சரி என்று கை தூக்கினார்கள். வாரத்துக்கு ஒரு டஜன் நாற்காலி செய்யற மனுஷனுக்கு ஒரே ஒரு நாற்காலி ஆகலையா என்று ஃபேனி அன்றைக்கே சிரித்தாள். இன்று மத்தியானம் அவர் போய்ப் பெட்டியிலிருந்த ஆர்டர் எல்லாவற்றையும், எழுதாமல் விட்டதையும் சேர்த்து, அழித்துவிட்டு வந்தார். உன் குரலை மட்டும் வைத்திருக்கிறார். யார் யாருக்கு எத்தனை நாற்காலி என்று இனி அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும்.

வேன் ஓட்டும் ராண்டி விசாரித்ததில் ரயிலில் அடுத்த வியாழக்கிழமைதான் இடம் இருக்கிறதாம், எனக்கு ஒரு சீட்டு எடுத்தாகிவிட்டது. நீ வராதே என்று சொன்னாலும் வருவேன். இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் எல்லாம் தெரிந்துபோகலாம், ஆனாலும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. தண்ணீர் வாளி தூக்காதே. காலை உயர்த்தி வைத்துப் படு. கால் வீங்கினால் மறைக்காதே. அங்கே தனியாக இருந்தால் தனியாக இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல், வெட்கப்படாதே, நம் ஆட்கள் எங்கே இருந்தாலும் நம் ஆட்கள்தான்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றுப் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மறக்காதே, தினமும் சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்து வரை, உங்களுக்கு இரண்டிலிருந்து மூன்று வரை, நான் கொட்டகையில் நிற்பேன். முட்டி வலித்தால் வலிக்கட்டும். பேச முடியாவிட்டாலும் அடி. நீ மூச்சு விடும் சத்தம் கேட்டால் போதும்.

உன் அம்மா,
எட்னா

சலோமா, அப்பா எழுதுகிறேன். கொட்டகையில் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். சபையில் நானே எழுந்து சொல்லிக்கொள்கிறேன். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு.