விட்டதும் விட்டுப்போனதும்

மே 21

நேற்று போயுவானும் நானும் பதிவு அலுவலகத்தில் விவாகரத்துக்கு மனு கொடுத்தோம். இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைத்தது அன்றுதான். எங்கள் சீன மொழியில் ஐந்து, இரண்டு, பூஜ்யம் என்று தேதியைச் சொன்னால் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று காதில் விழும் நாள். கல்யாணம் பதிய வந்த ஜோடிகள் பூங்கொத்தும் கையுமாகத் தெருவரை நின்றார்கள். எங்கள் ஜன்னலில் ஈ காக்கை இல்லை. அங்கிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “கல்யாண வரிசை அந்தப் பக்கம்” என்றாள். “தெரியும்” என்றேன். போயுவான் படிவத்தை நீட்டினான்.

முப்பது நாள் யோசிக்க வேண்டுமாம், சட்டம். அடுத்த முப்பது நாளுக்குள் இருவரும் ஒன்றாக வந்து சான்றிதழ் வாங்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் மனு செல்லாது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மே 24

துணி துவைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மே 29

நாங்கள் வேலை செய்யும் அனிமேஷன் படத்தின் நாற்பத்தொன்றாம் காட்சி திரும்பி வந்துவிட்டது. ஏழு விநாடிக் காட்சி: அகலமான ஆறு, மூலையில் ஒரு படகு, அதில் ஒரு பெண். கரைகளைப் போயுவான் தூரிகையால் வரைகிறான். அதை ஸ்கேன் செய்து, மசி தாளில் ஊறுவதைக் கணினியில் நான் கொண்டுவருகிறேன். ஆற்றை யாரும் வரைவதில்லை. வரையாமல் விட்ட வெள்ளைத்தாள்தான் ஆறு. வெளியூரில் இறுதி வேலை பார்க்கும் குழு அந்த வெள்ளையில் நீலமாக அலை போட்டு, பனிமூட்டம் போட்டு, இரண்டு மீனும் விட்டிருக்கிறது.

தரம் சோதிக்கும் ஷியாவ்மான் அவர்களிடம் போனில் கேட்டுவிட்டு வந்தாள். “அக்கா, ஆறு கம்ப்யூட்டர்ல படமா வராம காலியா கெடந்துச்சாம். பாவம்னு அவங்களே போட்டுக் குடுத்தாங்களாம். மீன் இலவசமாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

ஜூன் 4

இயக்குநர் ஹூவோ அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “அவங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது? தரம் பாக்குற நம்ம மெஷினும் காலி எடத்தப் பாத்தா தப்புனு செவப்பு அடிக்குது. எது வேணும்னு விட்டது, எது மறந்து விட்டுப்போனதுன்னு அதுக்கு யாராவது சொல்லிக் குடுங்க. ஒரே வீட்லதான இருக்கீங்க, பேசி முடிங்க.”

மனு கொடுத்தது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சரி என்றோம். வீட்டில் அவன் வரையும் அறையில் படுக்கிறான்.

ஜூன் 9

மழைக்காலம் தொடங்கிவிட்டது. தாள் ஈரம் குடித்து, மசி இஷ்டத்துக்குப் படர்கிறது. ஏழு விநாடிக்கான நூற்றறுபத்தெட்டு ஃபிரேம்களையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம்.

அவன் பென்சிலால் தொட்டுக் காட்டினான். “கோட்டோட நுனியப் பாரு. வேணும்னு விட்டிருந்தா, கோடு மெலிஞ்சு மெலிஞ்சு வெள்ளைக்குள்ள போகும். மறந்துபோய் விட்டதுன்னா வெட்டுன மாதிரி நிக்கும்.”

ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை. மசி என்றால் மட்டும் வாய் திறக்கிறது.

நாலு வருடம் முன்பு எனக்குப் பெய்ஜிங்கில் வேலை கிடைத்தது. போகட்டுமா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. போகாதே என்கிறான் என்று எடுத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஆழமான மனிதர் என்று அவனை எல்லாரும் சொல்வார்கள். நானும்தான் சொல்லித் திரிந்தேன்.

ஜூன் 13

நுனி மெலிந்த இடங்களில் மெஷின் இப்போது சிவப்பு அடிப்பதில்லை. அவன் காட்டிய விதியைத்தான் எழுதினேன். ஷியாவ்மான் கை தட்டினாள். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

ஜூன் 20

முப்பது நாள் முடிந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. யாங்மெய் பழம் வாங்கிக் கழுவி வைத்தேன். இருவரும் தின்றோம்.

ஜூன் 27

கேட்டுவிட்டேன். மேசையில் அச்சுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நான் பெய்ஜிங் போகட்டுமானு கேட்டப்ப நீ பேசாம இருந்தியே. அது விட்டதா, விட்டுப்போனதா?”

அடுக்கி முடித்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றான்.

ஜூன் 30

காலையில் பல் துலக்கிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சொன்னான்.

“விட்டுப்போனதுதான், யீலான். அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தோணல. நீ போனாலும் சரி, இருந்தாலும் சரின்னு இருந்துச்சு. ஆழமான ஆளுன்னு எல்லாரும் சொன்னீங்க. அதக் கெடுப்பானேன்னு அப்பிடியே இருந்துட்டேன்.”

இவனோட ஒன்பது வருஷம் — ஒண்ணுமில்லாத எடத்துல நானே அலை போட்டு, பனி போட்டு, மீன விட்டு, உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த வெளியூர்க்காரங்களப் பாத்துச் சிரிச்சேனே, நான் யாரு? கோவம் வருது. வரட்டும். ஏதோ ஒண்ணு வருதே.

ஜூலை 3

அலையும் மீனும் நீக்கி, ஆற்றை வெள்ளையாகவே விட்ட நாற்பத்தொன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஹூவோ அம்மா மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். “ஓடுது. தண்ணி ஓடுது” என்றார். போயுவான் தலையை ஆட்டினான்.

திரும்பும்போது மெட்ரோவில் அவனிடம் சொன்னேன்: அடுத்த வியாழன், காலை ஒன்பது மணி, பதிவு அலுவலகம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வருவானா மாட்டானா என்று இந்தத் தடவை நான் ஊகிக்கவில்லை.

ஜூலை 10

வந்தான், எனக்கு முன்னாலேயே. அதே பெண்தான் ஜன்னலில். “ரெண்டு பேரும் சொந்த விருப்பத்துலதான?” என்று கேட்டாள். அவனுக்கு முன் நான் ஆமாம் என்றேன். ஆளுக்கொரு கருஞ்சிவப்புச் சான்றிதழ்ச் சிற்றேடு கிடைத்தது. எல்லாம் கால்மணி நேரம்.

வெளியே வெயில் கொளுத்தியது. படியில் என் பின்னாலேயே வந்து, “யீலான், நான் என்ன சொல்ல வர்றேன்னா...” என்று ஆரம்பித்தான்.

பேருந்து வந்து நின்றது. ஏறிவிட்டேன். உட்கார இடம் கிடைத்தது.